அவிழ்க்கும் நாள் தெரியாமல் மஞ்சள் ரிப்பன் கட்டாதீர்கள்: அமெரிக்க நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கச் சிறு நகரங்களின் மன்ற உறுப்பினர்களுக்கும் பூங்காக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வட்டாரத்து நேஷனல் கார்டு (மாநிலப் பகுதிநேரப் படை) பிரிவு வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்புகிறது என்ற செய்தி வந்தால், அடுத்த கூட்டத்திலேயே ஒரு கோரிக்கை வந்து நிற்கும்: மெயின் ஸ்ட்ரீட் மரங்களில் மஞ்சள் ரிப்பன் கட்ட அனுமதி வேண்டும். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. கையைத் தூக்கி நிறைவேற்றிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவீர்கள். ஆறேழு மாதம் கழித்துத்தான் சிக்கல் தலைகாட்டும். வெளுத்துக் கிழிந்த ரிப்பனைப் பற்றி ஒரு புகார் வரும். 'போருக்கு ஆதரவு தெரிவிக்க எங்கள் வரிப்பணமா?' என்று ஒரு கடிதம் வரும். பக்கத்துக் கம்பத்தில் போர் எதிர்ப்புத் துணி கட்ட அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பமும் வரும். மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்காது. அன்று நிறைவேற்றிய தீர்மானத்தில் அந்த ரிப்பன் எதைச் சொல்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது என்பதே காரணம்.

கட்டவே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. யாருக்காகக் கட்டுகிறோம், யார் கட்டுகிறார், என்றைக்கு யார் அவிழ்க்கிறார் என்ற மூன்றையும் எழுதி வைத்துவிட்டுக் கட்டுங்கள். எழுத முடியவில்லையா, அந்தந்த வீட்டுக்காரர் தம் வாசலில் கட்டிக்கொள்ளட்டும், ஊர்ச் சொத்தைத் தொடாதீர்கள். தமிழில் எழுதுவதற்குக் காரணம் எளிது. மன்றங்களிலும் பள்ளி வாரியங்களிலும் இன்று தமிழ் பேசுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சீருடை அணிந்த பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளும் இருக்கின்றன. அந்த ரிப்பனைப் பார்த்து 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்கிற பெற்றோரும் இருக்கிறார்கள்.

முதலில் தீர்மானத்தின் முன்னுரையிலிருந்து ஒரு வரியை அடியுங்கள். 'உள்நாட்டுப் போர்க் காலம் முதல் வழங்கிவரும் மரபுப்படி' என்று யாராவது கட்டாயம் எழுதியிருப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்தில் பணியாற்றிய ஜெரால்டு பார்சன்ஸ் இதைத் தேடித் துருவிப் பார்த்தவர். அந்தப் போர்க்காலத்தில் வீரர்களுக்காக மஞ்சள் ரிப்பன் கட்டியதற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கக் குதிரைப்படையின் அடையாள நிறம் மஞ்சள் என்பது உண்மைதான். அந்த நிறமும் பிற்காலத்துப் பாட்டும் சினிமாவும் கலந்து இப்படியொரு பழைமையை உண்டாக்கிவிட்டன.

சான்றோடு தெரிகிற வரலாறு மிக இளையது, படைக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. சிறையிலிருந்து வீடு திரும்பும் ஒருவன், மனைவி இன்னும் தன்னை ஏற்பாளா என்பதற்கு மரத்தில் ரிப்பனைத் தேடுவதாக 1973இல் ஒரு பாட்டு அமெரிக்க வானொலியெங்கும் ஒலித்தது. வாட்டர்கேட் வழக்கில் சிறை சென்ற ஜெப் மக்ரூடர் 1975இல் விடுதலையானபோது அவர் மனைவி வீட்டு முகப்பில் மஞ்சள் ரிப்பன் கட்டி வரவேற்றார். (சிங்கப்பூரில் 2004 முதல் நடக்கும் மஞ்சள் ரிப்பன் திட்டமும் சிறையிலிருந்து வெளிவருகிறவர்களுக்குத்தான். அங்குள்ள தமிழர்களிடம் ரிப்பன் என்றால் போர் நினைவுக்கே வராது.)

1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. தூதரகப் பொறுப்பு அதிகாரி புரூஸ் லேங்கனின் மனைவி பெனலோப்பி லேங்கன், அந்த டிசம்பரில் மேரிலாந்தின் பெதெஸ்டாவில் தம் வீட்டு ஓக் மரத்தில் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கட்டினார். கணவர் வந்து தம் கையால் அவிழ்க்கும்வரை அது அங்கேயே இருக்கும் என்று செய்தியாளரிடம் சொன்னார். அதைப் பார்த்து நாடே கட்டியது. கடைசிவரை சிறைபட்டிருந்தவர்கள் 52 பேர், நாட்கள் 444. 1981 ஜனவரி 20 அன்று விடுதலையானார்கள். அந்த ஞாயிறு நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தின்போது அரங்கத்தின் மேலேயே ஒரு மாபெரும் மஞ்சள் பூ முடிச்சு இருந்தது. லேங்கன் வீட்டு ரிப்பன் 1991இல் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த ரிப்பனுக்கு உரியவர் யார் என்பது தெரியும். எது நடந்தால் அவிழ்ப்பது என்பதும் கட்டிய அன்றே தெரியும். எந்தக் கொள்கைக்கும் அது ஆதரவு சொல்லவில்லை. அன்றைய அதிபர் கார்ட்டரின் ஈரான் கொள்கையைத் திட்டியவரும் கட்டினார், ஆதரித்தவரும் கட்டினார்.

சிக்கல் 1990இல் தொடங்கியது. ஆகஸ்டு 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. சிக்கிக்கொண்ட அமெரிக்கர்களுக்கும் வளைகுடாவுக்குப் போன படையினருக்கும் சேர்த்து ரிப்பன்கள் ஏறின. 1991 ஜனவரியில் குண்டு வீச்சு தொடங்கியபோது ரிப்பனோடு 'படையினரை ஆதரிப்போம்' என்ற வாசகமும் ஒட்டிக்கொண்டது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களை ஊர் சரியாக வரவேற்கவில்லை என்ற குற்ற உணர்வும் அதில் கலந்திருந்தது. போரை எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினரும் அதே ரிப்பனைக் கட்டி, 'ஆதரவு என்றால் உயிரோடு திருப்பி அழைப்பது' என்றார்கள். மற்றொரு பகுதியினர் ரிப்பனே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். போரைக் கேள்வி கேட்பதும் வீரனைக் கைவிடுவதும் ஒன்றுதான் என்று தோன்றச் செய்கிறது, அதனால் வாயை அடைக்கிறது என்பது அவர்கள் வாதம். 2003இல் வட கரோலினாவின் கிங் என்ற சிற்றூரிலிருந்து ரிப்பன் வடிவக் காந்த அட்டை சந்தைக்கு வந்து கார்களின் பின்புறத்தில் ஏறியது. மரத்தில் கட்டியதையாவது அவிழ்க்க வேண்டும். காரில் ஒட்டியதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. படைக்குடும்பங்கள் சேர்ந்து 2002 நவம்பரில் தொடங்கிய போர் எதிர்ப்பு அமைப்பும் உண்டு. ஆகவே 'குடும்பங்கள் எல்லாருக்கும் இது ஒரே பொருள்' என்று உங்கள் மேடையில் யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

இது எங்கே போய் முட்டும் என்று அறிய ஐடஹோ மாநிலத்தின் ஹெய்லி நகரத்தைப் பாருங்கள். எட்டாயிரம் பேர் போல வாழும் ஊர். அந்த ஊர்ப் பையன், படைவீரர் பெர்க்டால், 2009 ஜூன் 30 அன்று ஆப்கானிஸ்தானில் தன் முகாமைவிட்டு வெளியேறி தாலிபான்களிடம் பிடிபட்டார். ஊர் மெயின் ஸ்ட்ரீட் மரங்களில் மஞ்சள் ரிப்பன் கட்டியது. ஐந்து ஆண்டுகள் அவை இருந்தன. சுற்றுலா வருகிறவர்கள் பார்த்துவிட்டு மனம் கசிந்து போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2014 மே 31 அன்று, குவாண்டனாமோவிலிருந்த ஐந்து தாலிபான் கைதிகளுக்கு ஈடாக அவர் விடுவிக்கப்பட்டார். சில நாட்களிலேயே, அவர் காவலைவிட்டு ஓடியவர், அவரைத் தேடப்போய்ப் பலர் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று உடனிருந்த வீரர்களே பேசத் தொடங்கினார்கள். ஊருக்குக் கோபமான தொலைபேசி அழைப்புகளும் மின்னஞ்சல்களும் குவிந்தன. ஜூன் 28க்குத் திட்டமிட்டிருந்த வரவேற்பு விழாவை, இத்தனை பெரிய கூட்டத்தையும் அதன் பாதுகாப்பையும் தாங்க எங்களால் முடியாது என்று சொல்லி ஊர் கைவிட்டது. ஊரின் பார்வையில் அந்த ரிப்பன், நம் பையன் உயிரோடு வரட்டும் என்ற ஏக்கம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு வீரனுக்குச் செய்த மரியாதை, அவன் அதற்குத் தகுதியானவனா என்பதே அவர்கள் கேள்வி. துணியில் எந்தப் பொருளும் எழுதியிருக்கவில்லை. அதனால் இரண்டு பேருமே தாம் நினைத்ததைப் படித்தார்கள். 2017இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மரியாதையின்றிப் படையிலிருந்து நீக்கப்பட்டார். 2023இல் கூட்டரசு நீதிபதி ஒருவர் அந்தத் தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்தார். ரிப்பனுக்குரியவர் நல்லவரா என்று ஊர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தால், ஹெய்லி எத்தனை முறை கட்டி அவிழ்த்திருக்க வேண்டும்?

அதனால் தீர்மானத்தில் 'நம் வீரர்களைப் போற்றி' என்று எழுதாதீர்கள். 'நம் ஊரிலிருந்து பணிக்குச் சென்றவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பதன் அடையாளமாக. எந்தப் போரையோ கொள்கையையோ ஆதரித்தோ எதிர்த்தோ அல்ல' என்று எழுதுங்கள். வறண்ட வரிதான். ஆனால் ஒரு புகார் வரும்போது எடுத்துக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது சட்டம். உங்கள் நகர வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ரிப்பன் நகரத்தின் பேச்சா, குடிமக்களின் பேச்சா? நகரத்தின் பேச்சு என்றால் எதை வைப்பது, எதை மறுப்பது என்று நகரம் தீர்மானிக்கலாம். பூங்காவில் நிலையாக நிறுத்திய நினைவுச்சின்னங்கள் பற்றி யூட்டாவின் பிளசன்ட் குரோவ் நகர வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் நகரம் தானே கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். பாஸ்டன் நகரம் தன் மன்ற வளாகக் கம்பத்தில் 284 முறை கேள்வி கேட்காமல் கொடி ஏற்றவிட்டு, கிறிஸ்தவக் கொடி ஒன்றை மட்டும் மறுத்தது. 2022இல் ஒன்பது நீதிபதிகளும் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். யார் கேட்டாலும் விட்டுவிட்டுப் பிறகு ஒருவரை மட்டும் நிறுத்தினால் அது குடிமக்களின் பேச்சைத் தடுப்பதாகிவிடும்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மக்கள் நெடுஞ்சாலை மேம்பாலங்களில் தேசியக் கொடிகளைக் கட்டினார்கள். போக்குவரத்துத் துறை கொடிகளை விட்டுவைத்தது, பக்கத்தில் கட்டிய போர் எதிர்ப்புத் துணியைக் கழற்றியது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் அந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. 'கொடிதானே, யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்' என்ற அதே நினைப்பில்தான் நீங்களும் ரிப்பனுக்குக் கை தூக்குகிறீர்கள். எதுவுமே ஊர்ச் சொத்தில் கட்டக்கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாகத் தடை போட இடம் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் கம்பங்களில் தட்டி கட்டும் தடையை 1984இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வெவ்வேறு விதி வைத்தால் 2015க்குப் பிறகு தப்புவது மிகக் கடினம். அரிசோனாவின் கில்பர்ட் நகரம் அந்த ஆண்டு அதில்தான் தோற்றது.

நியூ ஜெர்சியின் ஃபீல்ட்ஸ்போரோ என்ற சிற்றூர், ஈராக் போர் தொடங்கிய 2003இல், ஊர்ச் சொத்தில் மஞ்சள் ரிப்பன் கூடாது என்றது. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் சரி, நேரம் தவறு. பிள்ளைகள் போர்முனைக்குப் போன நேரத்தில் இந்த விதியை எடுத்து நீட்டினால் நாடு முழுக்கத் திட்டு விழத்தான் செய்யும். விதியை அமைதிக் காலத்தில் எழுதி வைக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் ஊரிலிருந்து யாரும் கிளம்பவில்லை என்றால் அதற்கு இதுதான் சரியான மாதம்.

இனி துணிக்கும் மரத்துக்கும் வருவோம். மன்றங்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் மிக அதிகமாகப் புகார் வாங்குவதும் இதில்தான்.

ஓரடி விட்டமுள்ள மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 38 அங்குலம். பூ முடிச்சுக்கு எட்டங்குல வளையம் இரண்டு, அதற்கு 32 அங்குலம். தொங்கும் வால் இரண்டு, 18 அங்குலம் வீதம் 36. முடிச்சுக்குப் பத்து. மொத்தம் 116 அங்குலம், அதாவது மூன்றேகால் கெஜம். வெட்டுச் சேதாரம் சேர்த்து மூன்றரை என்று வையுங்கள். நாற்பது மரத்துக்கு 140 கெஜம், ஐம்பது கெஜச் சுருள் மூன்று வேண்டும். இரண்டரை அங்குல அகலம் போதும். நான்கங்குலம் தூரத்திலிருந்து அழகாகத் தெரியும், ஆனால் காற்றைப் பிடித்துக்கொண்டு முடிச்சை இழுத்துத் தளர்த்திவிடும்.

பூக்கடையில் மலிவாகக் கிடைக்கும் அசிட்டேட் ரிப்பன் ஒரு மழைக்கே துவண்டு கயிறாகிவிடும். பரிசுப் பொட்டலத்துக்குக் கட்டும் பாலிபுரொப்பிலீன் ரிப்பன் வெயிலில் நொறுங்கிச் சிறு சிறு பிளாஸ்டிக் துணுக்காகப் புல்லில் உதிரும், பூங்காப் பணியாளர் அதைப் பொறுக்கவும் முடியாது. வெளிப்புறத்துக்கென்று செய்த பாலியஸ்டர் வாங்குங்கள். வெட்டிய ஓரத்தைத் தீக்குச்சியால் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. அதுவும் நிரந்தரமில்லை. தெற்கு பார்த்த பக்கம் முதலில் வெளுக்கும். டெக்சாஸ், அரிசோனா கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் மஞ்சள் அழுக்கு வெள்ளையாகிவிடும். படைப்பிரிவு திரும்ப ஓராண்டு ஆகும் என்றால் முதல் முறையையும் சேர்த்து நான்கு முறை கட்ட வேண்டும். ஆக, நீங்கள் வாங்க வேண்டியது 140 கெஜம் அல்ல, 560 கெஜம். மாற்ற ஆள் யார் என்பதும் தீர்மானத்தில் இருக்கட்டும். ஆதரவின் அடையாளம் என்று கட்டியது கந்தலாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே தினமும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரும் படைவீரரின் மனைவிக்கு அது வேறு ஒன்றைத்தான் சொல்லும்.

கட்டும் முறை: தண்டை ஒருமுறை சுற்றி, துணிக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு, வலதை இடதின் மேலும் பிறகு இடதை வலதின் மேலும் போட்டுத் தட்டையாக முடியுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு நழுவும். தனியாகச் செய்துவைத்த பூ முடிச்சை அந்த வால்களால் கட்டுங்கள், கம்பியால் கட்டாதீர்கள். பூக்காரக் கம்பி துருப்பிடித்துப் பட்டையில் கறை இறக்கும், மரம் பருக்கையில் உள்ளே வெட்டும். ஆணி, ஸ்டேப்ளர், கேபிள் டை எதுவும் மரத்தில் கூடாது. இளமரம் ஆண்டுக்கு அரை அங்குலம் விட்டம் பருத்தால் சுற்றளவு ஒன்றரை அங்குலம் கூடும். இறுக்கிக் கட்டி மறந்த ரிப்பன் ஒரே பருவத்தில் பட்டையில் பதிந்து, இலையிலிருந்து வேருக்குச் சத்து இறங்கும் பாதையை நெரித்துவிடும். மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சி காயும்போது யாருக்கும் ரிப்பன் நினைவிருக்காது. நட்டு மூன்றாண்டு ஆகாத மரத்தை விட்டுவிடுங்கள்.

வழவழப்பான இரும்பு விளக்குக் கம்பத்தில் ரிப்பன் ஒரே வாரத்தில் சறுக்கி அடியில் உட்கார்ந்துவிடும். மிதியடி வழுக்காமல் இருக்க அடியில் விரிக்கும் ரப்பர் வலையில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்துக் கட்டினால் நிற்கும். கம்பத்தின் கீழ்ப்பகுதியில் மின் இணைப்பைத் திறக்கும் சிறு மூடி இருக்கும், அதை மறைக்கக் கூடாது. மரத்தாலான மின்கம்பத்தைத் தொடவே தொடாதீர்கள். பெரும்பாலும் அது நகரத்தின் சொத்தே கிடையாது, மின் நிறுவனத்துடையது. அதில் அடித்த ஆணியும் ஸ்டேப்ளரும் ஏறுகிற லைன்மேனின் ரப்பர் கையுறையைத் துளைக்கும், காலில் மாட்டும் ஏறுமுள்ளைச் சறுக்க வைக்கும். போக்குவரத்துக் குறிகள் நிற்கும் கம்பங்களில் போக்குவரத்துக்குத் தொடர்பில்லாத எதையும் மாட்டக் கூடாது என்று கூட்டரசின் சாலைக்குறிக் கையேடே சொல்கிறது. நிறுத்தப் பலகைக் கம்பத்தில் ரிப்பன் கட்டிய தொண்டர்களை எத்தனையோ ஊரில் பார்க்கலாம். தேசியக் கொடியின் மேலோ ஓரத்திலோ ரிப்பனைக் குத்துவதும் கொடிச் சட்டத்துக்கு விரோதம். இதை முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூத்த படைவீரர்களே வந்து உங்களைக் கடிந்துகொள்வார்கள்.

நகர வாகனங்களில் காந்த ரிப்பன் ஒட்டலாமா என்ற கேள்வியும் வரும். எங்கள் பதில், வேண்டாம். காந்தத் தகடு அலுமினியத்தில் பிடிக்காது. தீயணைப்பு வண்டிகள் பலவற்றின் உடல் அலுமினியம், 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 வண்டியும் அப்படியே. பம்பர் பிளாஸ்டிக். பிடிக்கிற இடத்திலும் வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் அடியில் ஈரமும் மணலும் சேர்ந்து பெயின்டைக் கீறும். ஆண்டு கழித்து எடுத்தால் சுற்றியுள்ள பெயின்ட் வெளுத்திருக்க, ரிப்பன் உருவம் மட்டும் அழியாமல் தெரியும்.

ஸ்டிக்கருக்கும் இதே கதைதான், அதோடு அரசியலும் சேரும். டொரொன்டோவின் தீயணைப்பு வண்டிகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் மஞ்சள் ரிப்பன் ஒட்டப்பட்டது. குறித்த காலம் முடிந்து எடுக்க வேண்டிய கட்டம் 2007இல் வந்தபோது, எடுப்பதே அவமதிப்பு என்று குரல் எழுந்தது. ஆப்கானிஸ்தானில் மூன்று கனடிய வீரர்கள் இறந்த செய்தி வந்த சூழலில், மன்றம் வைத்திருப்பது என்று வாக்களித்தது. அந்த நிலையில் வேறு எப்படி வாக்களிக்க முடியும்? முடிவுத் தேதியை மட்டும் எழுதினால் போதாது, அந்தத் தேதியில் என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஸ்பெயினின் கட்டலோனியாவில் இன்னும் மோசம். அங்கே மஞ்சள் ரிப்பன் சிறையிலிருந்த அரசியல் தலைவர்களுக்கானது. 2019 தேர்தல் காலத்தில் அரசுக் கட்டடத்திலிருந்து அந்த ரிப்பன் உள்ள பதாகையை எடுக்கச் சொன்ன தேர்தல் ஆணையத்துக்கு உரிய நேரத்தில் கீழ்ப்படியாத மாநில அதிபர் கீம் டோர்ரா, 2020இல் பதவியையே இழந்தார். உங்கள் ஊரில் தேர்தல் மாதமும் ரிப்பன் மாதமும் ஒன்றாக வந்தால், வேட்பாளர் யாரும் அந்த மரத்தடியில் படம் எடுத்துப் போடும் வாய்ப்பை விடமாட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

பள்ளி வளாகத்தில் கட்டுவதற்கு முன் பள்ளியின் மனநல ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 1994இல் கொலராடோவில் தொடங்கிய இளையோர் தற்கொலைத் தடுப்பு இயக்கத்தின் அடையாளமும் மஞ்சள் ரிப்பனே. செப்டம்பரில் அது பல பள்ளிகளில் வரும்.

ரிப்பனில் பெயர் எழுதும் ஆசையை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். முழுப் பெயர், பிரிவு, கிளம்பிய நாள், திரும்பும் நாள் எல்லாவற்றையும் எழுதி வீட்டு வாசலுக்கு எதிரே கட்டினால், இந்த வீட்டில் ஆள் இல்லை, இத்தனை மாதம் வரமாட்டார் என்று ஊருக்கே விளம்பரம் செய்ததாகும். பயணத் தேதிகளை வெளியிட வேண்டாம் என்று படையும் குடும்பங்களிடம் சொல்கிறது. முதற்பெயர் மட்டும், அதுவும் குடும்பத்தின் கையெழுத்தோடு, எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்கிற குடும்பத்துக்குப் பெயரில்லாத ரிப்பன் ஒன்று இருக்கட்டும். ரிப்பனே வேண்டாம் என்றால் அதையும் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இறந்துபோனால்? இந்தக் கேள்வியை எந்த மன்றமும் கேட்பதில்லை, அதனால் நாங்கள் கேட்கிறோம். குடும்பத்துக்குத் தெரிவித்து 24 மணி நேரம் ஆகும்வரை பாதுகாப்புத் துறை பெயரை வெளியிடுவதில்லை. அதற்குள் ஊருக்குக் கசிந்து, நல்லெண்ணத்தில் யாரோ ஒருவர் ரிப்பனைக் கழற்றிக் கறுப்பு கட்டிவிட்டால், இன்னும் செய்தி எட்டாத ஒரு தாயோ அண்ணனோ அதை மரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரும். அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் குடும்பத்துக்குத் துணையாக நியமிக்கப்பட்ட படை அதிகாரி வழியாகக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சிலர் ரிப்பனைத் தரச் சொல்வார்கள். சிலர் மற்றவர்கள் திரும்பும்வரை அது இருக்கட்டும் என்பார்கள். எப்படியிருந்தாலும் குப்பைப் பையில் போகக் கூடாது.

அவிழ்ப்பதற்கு வருவோம். திரும்பி வந்தவர் விரும்பினால் தாமே அவிழ்க்கட்டும். விழா வேண்டாம் என்றால் பூங்காத் துறை காலையில் போய் அமைதியாக எடுத்துவிடட்டும். பணி நீட்டிக்கப்படுவதும் உண்டு. மினசோட்டா நேஷனல் கார்டின் படையணி ஒன்று 2005 முதல் 2007 வரை 22 மாதம் வீட்டைவிட்டு இருந்தது, அதில் ஈராக்கில் மட்டும் 16 மாதம். ஆகவே காலண்டர் தேதியோடு 'அல்லது பிரிவு திரும்பி 30 நாள்' என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த மினசோட்டாவில்தான் ரிப்பனைத் தாண்டிய வேலையும் வடிவம் பெற்றது. திரும்பி வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறக்காமல், குடும்பத்தோடு 30, 60, 90ஆம் நாட்களில் திரும்பக் கூட்டிப் பேசும் முறை அது. 2008ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் அதை நேஷனல் கார்டு, ரிசர்வ் இரண்டுக்கும் நாடு முழுக்க விரித்தது. பெயரிலும் மஞ்சள் ரிப்பன் உண்டு. உங்கள் சமுதாயக் கூடத்தை அந்த மூன்று நாட்களுக்கும் வாடகையின்றிக் கொடுப்பது 560 கெஜத் துணியைவிட உதவும். பனி அள்ள, புல் வெட்ட, பழுதான ஹீட்டரைப் பார்க்க ஒரு தொலைபேசி எண்ணும் அதை எடுக்க ஓர் ஆளும் வேண்டும். சேவைக்கு முன் வாங்கிய கடனுக்குப் பணிக்காலத்தில் வட்டி ஆறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்குப் பணி முடிந்து 180 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. ரிப்பன் அனுமதிப் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள்.

உங்கள் ஊழியர்களிலேயே ரிசர்வ் படையினர் இருக்கலாம். 180 நாளுக்கு மேல் பணியாற்றியவர் திரும்பி 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் பழைய வேலையை, இடையில் கிடைத்திருக்க வேண்டிய உயர்வோடு, தர வேண்டும் என்று 1994இன் சட்டம் நகர நிர்வாகத்தையும் கட்டுப்படுத்துகிறது. மரத்தில் ரிப்பன் கட்டிவிட்டு, நூலகத்திலோ குடிநீர்த் துறையிலோ அவர் நாற்காலியை வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கை வந்தால் வாக்கெடுப்புக்கு முன் பூங்காத் துறைத் தலைவரையும் நகர வழக்கறிஞரையும் பணிக்குப் போகும் குடும்பங்களிலிருந்து இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்த இருவரில் ஒருவர் போரை எதிர்க்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. தீர்மானத்தில் மரங்களின் எண்ணிக்கை, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவரை, துணியின் செலவு, மாற்றும் மாதங்கள், அவிழ்க்கும் நாள், அவிழ்க்கும் பொறுப்பாளரின் பதவி இவ்வளவும் இருக்கட்டும். பதவிக்கு எதிரே பெயர் போடாதீர்கள். ஆள் மாறுவார்.

இப்படிக்கு,
ஊர்ப் பராமரிப்பிலும் படைக்குடும்ப உதவியிலும் வேலை செய்யும் சிலர்